காலிப் பின்சீட்டோடு பேசியவர்

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கடையில் அவர் பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும். "இப்போ தெளிவா இருக்கா? காது கிட்ட அழுத்துதா? சரி, கொஞ்சம் தளர்த்தறேன், இப்போ எப்படி?" என்று அப்படி ஒரு குழைவு, அப்படி ஒரு பொறுமை. வீட்டுப் படி ஏறினால் போதும், வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தவர்போல் ஆகிவிடுவார். நான் அதற்கு நேர் எதிர். கேஸ் ஏஜென்சியில் புகார் கவுன்டரில் உட்காருகிறவள். சிலிண்டர் வரவில்லை, ரெகுலேட்டர் கசிகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களோடு நாள் முழுக்க மல்லுக்கு நின்று, எனக்கு வாயும் நீளம், கோபமும் மூக்கு நுனியில். நீங்கள் இரண்டு பேரும் எப்படித்தான் ஒரே வீட்டில் காலம் தள்ளுகிறீர்களோ என்று எங்கள் மகள் கேட்பாள். அவர் பேசமாட்டார், நான் விடமாட்டேன், அப்படித்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவருக்குப் பைத்தியம் என்று ஒன்று இருந்தால் அது மோட்டார் சைக்கிள். லீவு நாள் வந்தால் கீழே பார்க்கிங்கில் வண்டியைக் கொஞ்சிக்கொண்டு நிற்பார். டேங்குக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி, செயினுக்குப் பழைய பல் பிரஷ். அந்த அக்கறையில் கால்வாசி என் பக்கம் திரும்பியிருந்தால் நானும் பளபளவென்றுதான் இருந்திருப்பேன். அவரைப்போல் கிறுக்குப் பிடித்தவர்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருக்கிறார்கள். வாரக் கடைசியில் எங்காவது தொலைதூரம் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். டீ இங்கே கிடைக்காதா என்று கேட்கக்கூடாது.

அந்த கிளப்பில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். என் அப்பா டூ வீலர் மெக்கானிக். சரிசெய்த வண்டியை ஓட்டிப் பார்த்து, பிரேக் பிடிக்கிறதா, கியர் சரியாக விழுகிறதா என்று சொல்வது என் வேலை. எத்தனை வண்டி ஓட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கல்யாணம் ஆனபோது இவருக்கு சைக்கிளைத் தவிர வேறெதுவும் தெரியாது. என் வண்டி என்னோடு வந்தது. கொஞ்ச நாள் நான் ஓட்ட, இவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். பிறகு கோடவுன்களுக்குப் பின்னால், ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் வைத்துக் கற்றுக்கொடுத்தேன். கிளட்சைப் படக்கென்று விட்டு, சுவரில் மோதி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மருந்து போட்டுவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரித்தேன்.

அவருடைய அக்கா வீட்டுக்கு நாங்கள் அடிக்கடி போவோம். ஒரு தடவை நான் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, என் நாத்தனார் வாசலிலிருந்தே, "பரவாயில்லையேடா தம்பி, டிரைவரையே வச்சுக்கிட்டு வந்திருக்க" என்றார். கூட நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். இவர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த தடவை போகும்போது, அந்தத் தெருவுக்கு முன்னால் தண்ணீர் டேங்க் முக்கில் நிறுத்தச் சொன்னார். தெருவுக்குள் நுழையும்போது மட்டும் தான் ஓட்டுவதாகச் சொன்னார். தெரு என்ன, கூப்பிடு தூரம்தானே, போகட்டும் என்று நானும் இறங்கிப் பின்னால் உட்கார்ந்தேன். திரும்பும்போது அதே முக்கில் மறுபடி இடம் மாறிக்கொண்டோம். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு மாதிரிகூட இருந்தது.

பிறகு அந்த இடம் நகர ஆரம்பித்தது. டேங்க் முக்கில் தெரிந்தவர்கள் நிற்கிறார்கள் என்று பாலத்துக்கு வந்தது. பாலத்தில் வண்டியை நிறுத்தினால் பின்னால் வருகிறவன் திட்டுகிறான் என்று மார்க்கெட்டுக்கு வந்தது. மகள் வயிற்றில் இருந்தபோது எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் முன்னால் உட்காரவே இல்லை. ஓட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டுகிறாயா என்று யாரும் கேட்கவும் இல்லை.

லைசென்ஸை மட்டும் நான் விடவில்லை. காலாவதி ஆகும்போதெல்லாம் லீவு போட்டு, வரிசையில் நின்று, புதுப்பித்துக்கொண்டே வந்தேன். எதற்கு இந்த வீம்பு என்று யோசித்தால் எனக்கே எரிச்சல் வரும். கிளப்காரர்கள் வெளிநாட்டுக்குப் போய் அங்கே வண்டிகளை வாடகைக்கு எடுத்துச் சுற்றப்போகிறார்கள், நீயும் வா என்று இவர் கூப்பிட்டபோது, அந்த நாட்டில் ஓட்டுவதற்கான அனுமதியையும் வாங்கிப் பையின் அடியில் வைத்துக்கொண்டேன். கண்ணுக்கெட்டிய தூரம் காலி ரோடு. நாத்தனார் இல்லை, தண்ணீர் டேங்க் இல்லை. எங்கேயாவது ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, கொஞ்ச தூரம் நீ ஓட்டுகிறாயா என்று கேட்பார் என்று நினைத்தேன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் போனேன். மலையையும் பனியையும் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கிளப் தலைவரைக் கேப்டன் என்பார்கள். கப்பல் எதுவும் ஓட்டியதில்லை, டைல்ஸ் வியாபாரம். பல் டாக்டர் ஒருத்தியும் வந்திருந்தாள், எங்களைவிடச் சின்னவள், தனி வண்டி அவளுக்கு. மற்றவர்கள் எல்லாம் ஆண்கள். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் கூடவே வந்தது. எல்லோருடைய ஹெல்மெட்டுக்குள்ளும் பேசுகிற கருவி பொருத்தியிருந்தார்கள். எனக்கும் இவருக்கும் தனி லைன், மொத்தக் கும்பலுக்கும் பொது லைன். தனி லைன் அறுந்துபோனால் கருவி தானாகவே பொது லைனுக்குத் தாவிவிடும். முதல் நாளே கேப்டன் இதை விளக்கினார். இவர் தலையை ஆட்டினார். எதற்கும் தலையை ஆட்டுகிற மனிதர்தானே.

கிளம்புவதற்கும் எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவேன். பின்னால் உட்காருகிறவர்கள் பலரும் செய்வதுதான். தட்டு விழுந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், கிளம்பிவிடுவார்.

நாலைந்து நாள் நன்றாகத்தான் போனது. ஒரு பக்கம் காய்ந்த புல்வெளி, இன்னொரு பக்கமும் காய்ந்த புல்வெளி, நடுவில் ரோடு. எங்காவது லாரி ஒன்று எதிரில் வந்தால் அன்றைக்கு அதுதான் விசேஷம். இவர் மெதுவாக ஓட்டுகிறவர் என்பதால் எங்கள் வண்டிதான் கடைசி. இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது பல் டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்களும் ஓட்டுவீங்களா அக்கா?" என்று கேட்டாள். நான் ரொட்டியை மென்றுகொண்டிருந்தேன். விழுங்கிவிட்டுப் பதில் சொல்வதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"இவளா? சைக்கிளைக் கண்டாலே நடுங்குவா. பின்னாடி உக்கார மட்டும்தான் தெரியும்."

மேசை முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவர்தான். வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதற்குக் காசு கேட்கிற மனிதர், பேசாமல் இருக்க வேண்டிய இடத்தில் பேசினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காப்பிக் கோப்பையை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று ஒரு பாழாய்ப்போன பழக்கம். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

வெளியே வந்து வண்டியில் ஏறினேன். தோளைத் தட்டினேன். இன்றைக்கு முழுக்க இந்த ஆளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள். இருந்தேன். ஹெல்மெட்டுக்குள் அவர் ஒரு தடவை, "குளிருதா?" என்றார். பதில் இல்லை. இன்னொரு தடவை, "அங்க பாரு, குதிரை" என்றார். உங்கள் குதிரையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பெட்ரோல் போட ஓர் இடத்தில் நிறுத்தினார்கள். சுற்றிலும் பொட்டல், நடுவில் இரண்டு பம்பு, ஒரு சின்னக் கடை, பின்பக்கம் கழிவறை. மதியச் சாப்பாட்டுக்கு இடம் பிடிக்க வேன் முன்னாலேயே போய்விட்டது. நான் என் பையைப் பின்சீட்டின்மேல் வைத்து வலையால் கட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். போகிறேன் என்று சொல்லவில்லை. பேசுவதில்லை என்றுதானே முடிவு. நான் போனதை இவர் கவனிக்கவும் இல்லை. பணம் கட்டிவிட்டு வந்து, வண்டியில் ஏறி, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாராம். கிளம்பலாம் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராகத் தட்டிக்கொண்டு வந்த கேப்டன், பின்சீட்டைப் பார்க்காமலேயே இவர் தோளிலும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தன் வண்டிக்கு ஓடிவிட்டார். இவர் கிளம்பிவிட்டார்.

நான் வெளியே வந்தபோது பம்பு இருந்தது, கடை இருந்தது, காற்று இருந்தது. வண்டி ஒன்றுகூட இல்லை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. பத்தடி தள்ளி நிற்பார் என்று ரோட்டுக்கு வந்து பார்த்தேன். ரோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காலி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "என்னங்க, என்னங்க" என்று கத்தினேன். கருவியில் கொரகொரவென்று சத்தம் வந்து, அதுவும் நின்றுபோனது. பாஸ்போர்ட் அவருடைய பெட்ரோல் டேங்க் மேல் கட்டிய பையில். என் போன் வழி பார்ப்பதற்காக அவருடைய ஹேண்டில்பாரில். அந்த ஊர் பாஷையில் எனக்கு நன்றி சொல்ல மட்டும் தெரியும்.

கடையில் இருந்த பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். இரண்டு கையையும் நீட்டி வண்டி ஓட்டிக் காட்டினேன், என் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினேன், ரோட்டைக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள் பாருங்கள், அப்போதுதான் எனக்கு மானம் கப்பலேறியது. இன்ஜின் ஆயில் அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னாள். காகிதக் கோப்பையில் சூடாக எதையோ கொடுத்தாள். பெட்ரோல் போட வருகிறவனுக்கெல்லாம் அவள் ஏதோ சொல்ல, அவனவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். மறந்து வைத்துவிட்டுப் போன குடையை இப்படித்தான் பார்ப்பார்கள். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவமானம்தான் வந்தது. ஓர் ஆள் பின்னால் இல்லை என்பதுகூடத் தெரியாமல் ஒரு மனிதன் போக முடியும் என்றால், இத்தனை வருஷமாக நான் அங்கே என்னவாக உட்கார்ந்திருந்தேன்?

நான் குடித்த கோப்பை ஆறிப்போய்க் காய்ந்தும்விட்ட பிறகுதான் அவர் வந்தார். வண்டியை நிறுத்தியவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடிக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன, சிவந்துபோய். புகார் கவுன்டர் குரலில் நான் ஆரம்பித்தேன். கண்ணு தெரியலையா, முதுகு மரத்துப்போச்சா, பொண்டாட்டிக்கும் பைக்கும் வித்தியாசம் தெரியாதா என்று அங்கேயே வெளுத்து வாங்கினேன். கடைக்காரப் பெண்ணுக்கு பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்கும். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நீ இருக்கேன்னு நெனச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எதைச் சொன்னீங்க?"

"இன்னொரு தடவை சொல்ல என்னால முடியாது. ஏறு."

ஏறினேன். வேறென்ன செய்வது? அந்த நாற்காலியிலேயே குடியிருக்க முடியுமா?

சாப்பாட்டுக் கடையில் மற்றவர்கள் எங்களுக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் கேலி கிளம்பும் என்று நினைத்துப் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒருவரும் கேலி செய்யவில்லை. ஒருவரும் என் முகத்தையே பார்க்கவில்லை. எல்லோருக்கும் திடீரென்று தட்டில் என்னவோ அதிசயம் தெரிந்தது. காலையில் கண்ணில் நீர் வரச் சிரித்த ஆசாமி எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். கேப்டன், எங்கள் வண்டியின் பின்சக்கரத்தில் காற்று போதுமா என்று என்னிடம் கேட்டார். இவரிடம் இல்லை, என்னிடம். பரிதாபப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பரிதாபத்தைவிடக் கேலியே மேல். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவரோ மேசையின் கோடியில் கூனிக்குறுகி, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தங்கிய ஹோட்டலின் பின்பக்கக் கொடியில் கையுறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் தன் காலுறைகளோடு வந்தாள். வந்தவள் அவற்றைக் காயப்போடாமல் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே நின்றாள். என்ன பல் பிடுங்க வந்தியா, சொல்லித் தொலை என்றேன்.

"நாங்க எல்லாரும் கேட்டுட்டோம் அக்கா" என்றாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பெட்ரோல் பம்பை விட்டுக் கிளம்பியதுமே, நான் ஹெல்மெட்டோடு அங்கேயே நின்றுவிட்டதால், எங்கள் தனி லைன் அறுந்து, இவருடைய கருவி பொது லைனுக்குத் தாவியிருக்கிறது. இவருக்கு அது தெரியாது. நான் கோபத்தில் வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து, காலையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கியிருக்கிறார். மற்றவர்களும் நான் பின்னால் இருப்பதாகத்தான் நினைத்திருக்கிறார்கள். தவறுதலாகப் பொது லைனில் பேசுகிறார் என்று முதலில் ஒருவன் சிரித்தானாம். அதற்குள் இவர் அழத் தொடங்கிவிட்டார். அதற்குமேல் குறுக்கே பேச யாருக்கும் நாக்கு எழவில்லை. தங்கள் கருவியை அணைத்திருக்கலாம். ஒருவர்கூட அணைக்கவில்லை.

"நானும் அணைக்கல. பொம்பளை நானாவது அணைச்சிருக்கணும்" என்றாள் அவள், காலுறையைப் பார்த்துக்கொண்டே.

என்ன சொன்னார் என்று கேட்டேன். அது உங்களுக்கென்று சொன்னது, நான் எப்படிச் சொல்வது, அவரையே கேளுங்கள் என்றாள். அவர் சொல்லமாட்டார், நீ சொல் என்று அதட்டினேன். அவள் சொன்னது இவ்வளவுதான். ஏதோ தண்ணீர் டேங்க் முக்கில் நீங்கள் இறங்கி இடம் மாறி உட்காருவீர்களாம். அதைச் சொல்லும்போது அவரால் பேச முடியவில்லையாம். கோடவுன் ரோட்டில் யார் யாருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது என்பதையும் சொன்னாராம். கடைசியில், ஏதாவது பேசு, திட்டவாவது செய் என்று கெஞ்சிக்கொண்டே என் முழங்காலைத் தொடுவதற்காகக் கையைப் பின்னால் நீட்டியிருக்கிறார். வலையில் கட்டின பைதான் கையில் பட்டிருக்கிறது. "அவ இல்ல. ஐயோ, அவ பின்னாடி இல்ல" என்று அவர் அலறியதையும் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அந்த அலறல்தான் இன்னும் காதை விட்டுப் போகவில்லை என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டேங்க் முக்கு எங்கள் இரண்டு பேருடையது. பெற்ற மகளிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. இவர் இறங்கச் சொன்னார் என்றால் நானும்தானே இறங்கினேன்? வாயுள்ளவள், ஊரையே அதட்டுகிறவள், ஒரு தெருவுக்குப் பயந்து பின்னால் உட்கார்ந்தாள் என்பது இப்போது டைல்ஸ் வியாபாரிக்குத் தெரியும், நாற்காலி இழுத்துப் போட்டவனுக்குத் தெரியும். நான் கேட்டிருக்க வேண்டிய வார்த்தையை ஊரே கேட்டுவிட்டது, எனக்குத்தான் கிடைக்கவில்லை.

அறைக்குப் போய் இவர் முன்னால் நின்றேன். "அவங்க கிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லுங்க" என்றேன். வாயைத் திறந்தார். மூடினார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, நாளைக்கு என்றார். கல்லுளிமங்கன் என்று திட்டிவிட்டு விளக்கை அணைத்தேன்.

மறுநாள் காலை, கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் ஹோட்டல் முற்றத்தில் வண்டிகளோடு நின்றார்கள். சரளைக் கல் போட்ட பெரிய முற்றம். கேப்டன் எங்கள் வண்டியின் சாவியை இவரிடமிருந்து வாங்கி என்னிடம் நீட்டினார். "முற்றத்துல ஒரு சுத்து சுத்திப் பாருங்க. பிடிச்சா இன்னைக்கு நீங்க ஓட்டுங்க" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் கேட்டுவிட்ட பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. இவர் தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். கேட்க வேண்டியவர் அவர். அவர் கேட்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் சாவியை வாங்கினேன்.

ஏறி உட்கார்ந்தேன். கால் நுனி மட்டும்தான் தரையில் பட்டது. ஸ்டார்ட் செய்ததும் அந்த உறுமல் தொடை வழியாக ஏறியது. கிளட்ச் பிடித்தது, கியர் விழுந்தது, வண்டி நகர்ந்தது. நகர்ந்தது என்றால் நான் நகர்த்தினேன். ஐயோ, அந்தக் கொஞ்ச தூரம்! யாரோ கை தட்டினார்கள். முற்றத்தின் கோடியில் திரும்ப வேண்டும். ஹேண்டிலை வளைத்தேன். சரளையில் முன்சக்கரம் வழுக்கியது. பயந்துபோய் பிரேக்கை அழுத்தி, காலை ஊன்றினேன். வண்டியின் கனத்தைக் கால் தாங்கவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது.

ஓடி வந்து தூக்கினார்கள். அடி ஒன்றும் இல்லை. எல்லோரும் ஒரு தடவையாவது கீழே போடுவதுதான், வண்டி கனம், சரளை மோசம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, முந்தின நாள் தட்டைப் பார்த்த மாதிரியே எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பல் டாக்டரும் தரையைத்தான் பார்த்தாள். கையுறையில் ஒட்டியிருந்த கல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன்.

"நேத்து இவர் சொன்னது சரிதாங்க. எனக்குப் பின்னாடி உக்காரத்தான் தெரியும்."

குரல் பாதியில் உடைந்துவிட்டது.

அவர் வந்தார். யாரையும் கிட்டே வர விடவில்லை. விழுந்த பெரிய வண்டியைத் தூக்க ஒரு முறை இருக்கிறது. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இடுப்பை சீட்டில் கொடுத்து, காலால் உந்தித் தூக்க வேண்டும். அப்படிக் குந்தினால் முகம் எங்கள் பக்கம்தான் இருக்கும். திருப்பிக்கொள்ளச் சுவர் இல்லை. நரம்பு புடைக்க அரையும் குறையுமாக எழுந்து, வண்டியின் கனத்தை முதுகில் வைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நான் சொன்னது பொய். நீ அப்பாவோட கடையில ஓட்டின மாதிரி நான் இன்னைக்கு வரைக்கும் ஓட்டினதில்ல. உன்னைப் பின்னாடி உக்கார வச்சு உக்கார வச்சு, நான்தான் இப்படி ஆக்கிட்டேன்."

கருவி இல்லை, ஹெல்மெட் இல்லை. எல்லோர் முன்னாலும், என்னிடம்தான் சொன்னார். வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஹேண்டிலை என் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"ஓட்டறியா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் கடல் தாண்டி வந்தேன். ஹேண்டிலைப் பார்த்தேன்.

"பயமா இருக்குங்க" என்றேன்.

நான் பின்னால் ஏறி உட்காரும்வரை அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.